விளக்கறை இல்லாத விளக்குகள்

சென்ற வாரம் ஒரு கருத்தரங்கில், கட்டடங்களில் வெளிச்சம் குறித்த அமர்வொன்றில் அமர்ந்திருந்தேன். திரையில் ஓர் அட்டவணை. ஒரு பத்தியில் மின்கட்டமைப்பு; அதற்கு எதிரே ‘நம்பகமானது’. அடுத்த பத்தியில் அரிக்கேன் விளக்கு, மெழுகுவத்தி, பெட்ரோமாக்ஸ், சூரிய விளக்கு, கூரையில் பதித்த கண்ணாடி ஓடு ஆகிய அனைத்தும் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டிருந்தன. அவற்றுக்கு எதிரே ‘நம்பகமற்றது’. கேள்வி நேரத்தில் எழுந்து, “யாருக்கு?” என்று மட்டும் கேட்டேன். அவையில் சிரிப்பு எழுந்தது. “மொழியியல்காரர் வேற்றுமை உருபைத் தேடுகிறார்” என்று சொல்லி அமர்வுத் தலைவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

உண்மைதான். நான் தேடியது நான்காம் வேற்றுமை உருபைத்தான். அன்று இரண்டு நிமிடத்தில் சொல்ல இயலாததை இங்கே எழுதுகிறேன். நீண்ட பதிவு, பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

‘நம்பு’ என்பது செயப்படுபொருள் குன்றாவினை. ஒருவர் ஒன்றை நம்புகிறார். எழுவாய் இன்றி அந்த வினை நிற்காது. ஆனால் அதையே ‘நம்பகத்தன்மை’ என்று பெயராக்கியவுடன், நம்புகிறவர் வாக்கியத்திலிருந்து வெளியேறிவிடுகிறார். எடையும் நிறமும் ஒரு பொருளுக்குள் இருப்பதுபோல் நம்பகத்தன்மையும் அதற்குள்ளேயே குடியிருப்பதாக ஒரு தோற்றம் உண்டாகிறது. பொறியியல் இவ்வளவு அலட்சியமாக இல்லை என்பதையும் சொல்லவேண்டும். குறிப்பிட்ட சூழலில், குறிப்பிட்ட காலத்துக்கு, வகுக்கப்பட்ட பணியைத் தவறாது செய்வதற்கான நிகழ்தகவு என்றே அது நம்பகத்தன்மையை வரையறுக்கிறது. ‘குறிப்பிட்ட சூழலில்’ என்னும் தொடரை அட்டவணை போடும்போது தவறவிட்டவர்கள் நாம்.

என் வாதம் இதுதான்: விளக்கின் நம்பகத்தன்மை விளக்கில் இல்லை. அதைத் துடைப்பவர், நிரப்புபவர், சோதிப்பவர், பழுதானால் மாற்றித் தருபவர், அந்த வேலைக்குக் கூலி கொடுப்பவர் ஆகியோரைக் கொண்ட ஏற்பாட்டில் இருக்கிறது. இதை எனக்குக் கற்பித்தது நூலகம் அன்று. நான் பிறந்து வளர்ந்த கோலார் தங்கவயல்.

தங்கவயலைப் பற்றிப் பேசத் தொடங்கினாலே ஒரு பெருமிதம் முன்வந்து நிற்கும்: நாட்டில் முதன்முதலில் மின்சாரம் கண்ட ஊர்களில் ஒன்று எங்களுடையது. முதலாவதா இரண்டாவதா என்ற வழக்குக்குள் நான் நுழையவில்லை. காவிரியின் சிவசமுத்திர அருவியில் உற்பத்தியான மின்சாரம் சுமார் 147 கிலோமீட்டர் கம்பிவழியே பயணம் செய்து 1902 ஜூன் மாதத்தில் எங்கள் ஊரை அடைந்தது. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது அதற்கு மூன்றாண்டுகள் கழித்து, 1905-இல். இவை வரலாற்று உண்மைகள், பெருமைப்பட இடமுண்டு. ஆனால் அந்தக் கம்பி எதற்காக இழுக்கப்பட்டது? தாதுவை இடிக்கும் உலக்கை ஆலைகளுக்காக, காற்றழுத்த இயந்திரங்களுக்காக. இயந்திரத்துக்குத் தேவைப்பட்டதால் மின்சாரம் வந்தது. அந்த இயந்திரங்களுக்குத் தாது வெட்டிக் கொடுத்தவர்கள், வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்தவர்கள், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர், மூங்கில் தட்டிக் குடிசைகளில் குடியிருந்தார்கள்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. கோடையில் காவிரியில் நீர் குறையும். நீர் குறைந்தால் மின்உற்பத்தி குறையும். சுரங்கங்களுக்கு ஒப்புக்கொண்ட அளவைத் தரமுடியாது. மைசூர் அரசு இந்தச் சிக்கலை எப்படித் தீர்த்தது? 1911-இல் கட்டத் தொடங்கிய கண்ணம்பாடி அணையின் நோக்கங்களுள் ஒன்று, பாசனத்தோடுகூட, சிவசமுத்திரத்துக்கு ஆண்டு முழுவதும் குறையாத நீரோட்டத்தை உறுதிசெய்து தங்கச் சுரங்கங்களுக்கு இடையறாத மின்சாரம் தருவது. அதாவது, ஒரு நிறுவனம் ‘எனக்கு நம்பகமான மின்சாரம் வேண்டும்’ என்றபோது, அந்தச் சொல்லின் எடைக்கு ஈடாக ஓர் அணையே எழுந்தது. மின்கட்டமைப்பு தன் இயல்பிலேயே நம்பகமானது என்றால் அணை எதற்கு? நம்பகத்தன்மை செலவிட்டுக் கட்டப்படுவது. யாருக்காகச் செலவிடப்பட்டதோ அவருக்கு அது நம்பகமானது. நான்காம் வேற்றுமை இங்கே தன்னைக் காட்டிக்கொள்கிறது.

இனி, நிலத்துக்கு அடியில் வருவோம். அட்டவணையில் ‘நம்பகமற்றது’ என்று ஒதுக்கப்பட்ட கட்டமைப்புசாரா வெளிச்சம், மனிதர் தம் உயிரையே ஒப்படைக்கும் வெளிச்சமாக இருந்த இடம் சுரங்கம். உலோகச் சுரங்கங்களின் விளக்கு வரலாறு உலகெங்கும் ஏறக்குறைய ஒரே வரிசையில் செல்கிறது: முதலில் மெழுகுவத்தியும் எண்ணெய் விளக்கும், பிறகு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து, கால்சியம் கார்பைடு கட்டிகளின்மேல் நீர் சொட்டி, எழும் அசெட்டிலீன் வாயுவை எரிக்கும் கார்பைடு விளக்கு, அதன்பின் இடுப்பில் மின்கலமும் தலைக்கவசத்தில் விளக்கும் கொண்ட தொப்பி விளக்கு. நிலக்கரிச் சுரங்கத்தில் மீத்தேன் வாயு உண்டென்பதால் திறந்த சுடர் அங்கே எமன்; உலோகச் சுரங்கத்தில் அந்த அச்சம் குறைவு என்பதால் கார்பைடு விளக்கு நெடுங்காலம் நீடித்தது. இந்த வரிசையில் எந்தக் கட்டத்திலும் ஆள் தன் வெளிச்சத்தைத் தானே சுமந்தார். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் சென்றது. அந்த ஆழத்தில், பாறைவெடிப்புக்குப் பெயர்போன அந்தச் சுரங்கத்தில், மேலிருந்து வரும் ஒற்றைக் கம்பியை மட்டும் நம்பி எவரும் நிற்க முடியாது.

அப்படியானால் தனித்தனி விளக்கு எப்படி நம்பத்தக்கதாயிற்று? என் தாத்தா முப்பது ஆண்டுகள் கீழே இறங்கியவர். அவர் சொல்லக் கேட்டு நான் அறிந்த விடை ஒரே சொல்லில் அடங்கும்: விளக்கறை. எங்கள் ஊர்ப் பேச்சில் ‘லேம்ப் ரூம்’. ஷிப்டு முடிந்து மேலே வந்தவர் விளக்கை அங்கே ஒப்படைக்கவேண்டும். அங்கிருப்பவர் அதைத் துடைப்பார், மின்கலத்தைப் பார்ப்பார், மின்னேற்றத்தில் மாட்டுவார். மங்கலாக எரிந்தது என்று சொன்னால் தனியே எடுத்துவைப்பார். அடுத்த ஷிப்டுக்கு இறங்குகிறவர் தம் எண்ணுக்குரிய பில்லையைக் கொடுத்து, எரியும் விளக்கை எரியவைத்துப் பார்த்து வாங்கிச் செல்வார். கொக்கியில் பில்லை தொங்குகிறது என்றால் அந்த ஆள் கீழே இருக்கிறார் என்று பொருள். ஷிப்டு முடிந்தும் ஒரு பில்லை தொங்கினால் கேள்வி எழும். “லேம்ப் கெட்டுப்போகும், லேம்ப் ரூம் கெட்டுப்போவக் கூடாது” என்பார் தாத்தா. நம்பகத்தன்மை குறித்து நான் வாசித்த எந்தக் கட்டுரையும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லவில்லை.

இதில் கற்பனை மயக்கம் வேண்டாம். அந்த விளக்கறை அன்பினால் நடத்தப்பட்டதன்று. வெளிச்சம் மங்கினால் தாது குறையும். ஆள் காணாமற்போனால் விசாரணை வரும். எண்ணும் பில்லையும் கண்காணிப்பின் கருவிகளும்கூட. பெயர்ப்பதிவும் கைரேகையும் கட்டாயம் என்று நிறுவனங்கள் சொன்னபோது, 1930-இல் பல்லாயிரம் பேர் வேலைநிறுத்தம் செய்து எதிர்த்த ஊர் எங்களுடையது. தாம் எண்ணப்படுவதன் நோக்கத்தை அவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். நான் சொல்வது வேறு: பராமரிப்புக்கு ஓர் அறை, ஓர் ஆள், ஒரு சம்பளம், ஒரு பதிவேடு ஒதுக்கப்பட்டபோது மின்கம்பி தொடாத விளக்கும் நம்பத்தக்கதாக இருந்தது.

அதே தொழிலாளி மேலே ஏறி வீட்டுக்கு வந்ததும் என்ன ஆயிற்று? நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளை ‘லைன்’ என்கிறோம். இலங்கை மலையகத்தில் ‘லயம்’ என்கிறார்கள். ஒரே ஆங்கிலச் சொல். இரண்டு நாடுகளில் ஒரேவகை மனிதரை ஒரேவகையாக அடுக்கிவைத்த ஏற்பாட்டின் பெயர். எங்கள் லைன் வீட்டுக்கு மின்விளக்கு வந்தது ஆயா மூன்று பிள்ளைகளைப் பெற்றெடுத்த பிறகுதான். அதுவரை அரிக்கேன் விளக்கும் சிம்னி விளக்கும். தினமும் பொழுதுசாயும் வேளையில் வாசற்படியில் அமர்ந்து, சாம்பல் தொட்டுக் கண்ணாடியைத் துடைத்து, திரியின் கருகலைக் கத்தரித்து, மண்ணெண்ணெய் எவ்வளவு இருக்கிறதென்று ஆட்டிப் பார்ப்பது ஆயாவின் வேலை. பிள்ளைப்பேற்றுக்கு முந்தைய நாளும் அதைச் செய்ததாகச் சொல்வார். சுரங்கத்து விளக்கறைக்குச் சம்பளம் உண்டு; வாசற்படி விளக்கறைக்கு இல்லை. இரவு ஷிப்டுக்குத் தாத்தா சோற்றுத்தூக்குடன் கிளம்பிய வெளிச்சம் அந்த வாசற்படியிலிருந்து வந்தது. எந்தப் பதிவேட்டிலும் அது ஏறவில்லை. இன்று நாம் அட்டவணை போடும்போதும் ஏறுவதில்லை.

தமிழுக்கு இது தெரிந்தே இருந்தது என்று தோன்றுகிறது. ‘விளங்கு’ என்னும் தன்வினையின் பிறவினை ‘விளக்கு’. பாடம் விளக்குகிறோம், பாத்திரம் விளக்குகிறோம், பல் விளக்குகிறோம், எரியும் பொருளையும் விளக்கு என்றே அழைக்கிறோம். துலங்கச் செய்தல் என்னும் ஒரே வேரிலிருந்து வெளிச்சமும் துப்புரவும் பிறந்திருக்கின்றன. ஒரு சொல்லின் வரலாறு சமூகக் கொள்கைக்குச் சான்றாகாது என்பதை என் துறையே எனக்குக் கற்றுத்தந்திருக்கிறது. ஆயினும், விளக்காத விளக்கு விளங்காது என்பதை உணர ஆயாவுக்கு ஆய்வுப்பட்டம் தேவைப்படவில்லை.

‘அப்படியானால் மண்ணெண்ணெய் விளக்குக்குத் திரும்பச் சொல்கிறீர்களா?’ என்று கேட்பவர்கள் இருப்பார்கள். இல்லை. ஒரு சாதாரணத் திரிவிளக்கு தருவது பத்து லூமென் அளவிலான வெளிச்சம். 9 வாட் எல்இடி குமிழ் ஏறக்குறைய 900 லூமென் தருகிறது. எளிய திரிவிளக்கில் எரியும் மண்ணெண்ணெயில் 7 முதல் 9 விழுக்காடு கரித்துகளாகவே வெளியேறுகிறது என்று 2012-இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியது. அந்தக் கரி முதலில் படிவது சமைப்பவரின், படிக்கும் பிள்ளையின் நுரையீரலில். கவிழ்ந்த விளக்கால் கருகிய குடும்பங்களையும் நாம் அறிவோம். மின்கட்டமைப்பு ஒவ்வொரு வீட்டின் உரிமை. அதில் எனக்கு மறுப்பில்லை. என் மறுப்பு, கம்பி வந்துவிட்டால் கணக்கு முடிந்தது என்னும் மனநிலையோடு மட்டுமே.

அந்த மனநிலைக்கு நம் புள்ளிவிவரங்களே சான்று. ஒரு கிராமத்தில் பத்து விழுக்காட்டு வீடுகளுக்கு இணைப்புக் கிடைத்தால், பொதுக் கட்டடங்களுக்கும் மின்சாரம் எட்டியிருந்தால், அது ‘மின்மயமான’ கிராமம் என்று 2004-இல் வரையறுத்தோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, வீட்டின் முதன்மை வெளிச்சம் எது என்று கேட்டது. 67 விழுக்காட்டு வீடுகள் மின்சாரம் என்றன, 31 விழுக்காடு மண்ணெண்ணெய் என்றன. எத்தனை மணி நேரம் எரிகிறது, நின்றால் எதை ஏற்றுகிறீர்கள், அதை யார் ஏற்றுகிறார் என்ற கேள்விகள் படிவத்தில் இல்லை. 2012 ஜூலை 30, 31 ஆகிய இரு நாள்களில் வட இந்தியாவின் கட்டமைப்பு சரிந்தபோது, மேற்கு வங்க நிலக்கரிச் சுரங்கங்களில் மின்தூக்கி நின்று சுமார் இருநூறு தொழிலாளர் நிலத்தடியில் சிக்கிப் பின்னர் மீட்கப்பட்டனர். கட்டமைப்பும் கெட்டுப்போகும். கெட்டுப்போகாத பொருள் எதுவும் இல்லை. கெட்டபின் என்ன நிகழும் என்பதற்கு விடை வைத்திருப்பதுதான் நம்பகத்தன்மை.

மறுபக்கத்தில் நிற்பவர்களையும் நான் விடப்போவதில்லை. விழா மேடையில் சூரிய விளக்கை வழங்கி, ஒளிப்படம் எடுத்து, ‘ஒளியேற்றினோம்’ என்று அறிக்கை எழுதுபவர்களைச் சொல்கிறேன். ஈய-அமில மின்கலத்தின் ஆயுள் பெரும்பாலும் மூன்றிலிருந்து ஐந்தாண்டு. அது தீர்ந்தபின் புதிய மின்கலம் எங்கே கிடைக்கும், என்ன விலை, யார் மாற்றுவார் என்று அந்த அறிக்கையில் ஒரு வரி இருக்குமா? எங்கள் ஊருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நூறாண்டுக்கு மேலாகக் குவிந்த சயனைடு மேடுகளிலிருந்து காற்றுக்காலத்தில் பறக்கும் வெண்தூசு கூரையெங்கும் படியும். சூரியத் தகட்டின்மேலும் படியும். துடைக்காத தகடு குறைவாகவே தரும். விளக்கைக் கொடுத்தவர் துடைப்பவரைக் கொடுக்கவில்லை. அந்த வேலை மீண்டும், கூலியின்றி, வீட்டுப் பெண்ணின் தலையில் ஏறுகிறது. இரண்டாண்டு கழித்து விளக்கு அணையும்போது, ‘கட்டமைப்புசாரா வெளிச்சம் நம்பகமற்றது’ என்று நாம் அட்டவணை போடுகிறோம்.

விளக்கறையோடு விளக்கைக் கொடுத்தவர்களும் உண்டு. 1995-இல் பெங்களூரில் தொடங்கிய செல்கோ நிறுவனம், வீட்டுச் சூரிய விளக்கோடு தவணைக்கடனையும் அருகிலேயே பழுதுபார்க்கும் கிளையையும் சேர்த்துத் திட்டமிட்டது. டெரி நிறுவனம் 2008-இல் தொடங்கிய ‘நூறு கோடி வாழ்வுகளுக்கு ஒளி’ திட்டத்தில், கிராமத்தில் ஒரு மின்னேற்ற நிலையம் அமைத்து, அதை நடத்தும் உள்ளூர்க்காரரிடமிருந்து மாலையில் விளக்கை வாடகைக்கு வாங்கி மறுநாள் திருப்பித்தரும் முறை இருந்தது. பெயர் என்னவாயினும் அது விளக்கறைதான். இவற்றிலும் குறைகள் இருக்கும். ஆனால் இவை சரியான கேள்வியிலிருந்து தொடங்கியவை.

தொலைவில் போகவேண்டாம். நாம் படிக்கும் கட்டடங்களையே பாருங்கள். நான் அறிந்த ஒரு வளாகத்தின் நூலகப் படிக்கட்டில் அவசர விளக்கு ஒன்று மாட்டியிருந்தது. அதன் பச்சைப் பொட்டு ஆண்டுக்கணக்கில் எரிந்துகொண்டே இருந்தது. ஒரு மாலை மின்சாரம் நின்றது. அந்த விளக்கு எரியவில்லை. கையில் நூல்களோடு இறங்கிய தோழி இரண்டு படி தவறி விழுந்து கணுக்கால் முறிந்து ஆறு வாரம் களப்பணியை இழந்தார். பின்னர் பார்த்தபோது மின்கலம் எப்போதோ செத்துப்போயிருந்தது. பச்சைப் பொட்டு சொன்னது, மின்சாரம் வருகிறது என்பதை மட்டும். சோதித்த தேதி எழுதும் அட்டை காலியாக இருந்தது. அது எங்கள் ஊர்ச் சுரங்கமாக இருந்திருந்தால் அந்த விளக்கை எவரும் வாங்கிக்கொண்டு இறங்கியிருக்கமாட்டார்கள். கற்றோர் நிறைந்த கட்டடத்தைவிடக் கூலிகள் இறங்கிய குழியில் விளக்குக்கு மேலான ஒழுங்கு இருந்தது.

மூட்டையில் கட்டப்பட்ட கண்ணாடி ஓட்டைப் பற்றியும் ஒரு சொல். சீமை ஓட்டுக் கூரையில் நடுவே ஒரு கண்ணாடி ஓடு பதிப்பது நம் வீடுகளில் பழைய வழக்கம். பிரேசிலில் அல்ஃப்ரெடோ மோசர் என்னும் மெக்கானிக் 2002-இல் நீர் நிரப்பிய நெகிழிப் புட்டியைத் தகரக் கூரையில் பொருத்திப் பகல்வெளிச்சத்தை உள்ளே சிதறவைத்தார். அது பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. மின்கலம் இல்லை, கம்பி இல்லை, எரிபொருள் இல்லை. இரவில் பயனில்லை, பகலில், தூசு துடைத்து, ஒழுகாமல் பூசிவைத்தால், தவறாது. நெருக்கி அடுக்கிய வரிசை வீடுகளில் நண்பகலிலும் குமிழ் எரியவேண்டியிருக்கிறது என்றால் அது மின்துறையின் குறை மட்டுமன்று, கட்டடத்தின் குறை. பகலின் இருட்டைப் போக்க மின்கட்டணம் கட்டுகிற குடும்பங்கள் எங்கள் ஊரில் இருக்கின்றன. அந்த மின்வெட்டுகளை மட்டும் எண்ணுகிற ஆய்வுக்கு இந்த இருட்டு தெரியாது.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. நீரிறைக்கும் பொறிகள் நின்றன. சுரங்கப் பாதைகளில் நீர் நிறைந்தது. விளக்கறைகளும் அன்றே பூட்டப்பட்டன. வீடுகள் மட்டும் மூடப்படவில்லை. அவற்றில் வாழ்பவர்கள் விடியுமுன் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இருட்டியபின் திரும்புகிறார்கள். அவர்கள் வீட்டின் இருமுனை இருட்டுக்கும் இன்று பொறுப்பான அறை எதுவும் இல்லை.

ஆகவே நண்பர்களிடம், குறிப்பாக ஆய்வு முன்வரைவு எழுதிக்கொண்டிருப்பவர்களிடம், மூன்று வேண்டுகோள்கள். ‘நம்பகமானது’ என்று எழுதும் ஒவ்வோர் இடத்திலும் ‘யாருக்கு’ என்பதையும் எழுதுங்கள். எந்த விளக்குத் திட்டத்தை மதிப்பிட்டாலும் விளக்கின் விலைக்குப் பக்கத்தில் விளக்கறையின் செலவையும் ஒரு பத்தியாகப் போடுங்கள்: யார் துடைக்கிறார், யார் சோதிக்கிறார், யாருக்கு என்ன கூலி. கூலி ‘இல்லை’ என்றால் இல்லை என்றே எழுதுங்கள். அதுவே உங்கள் முதன்மைக் கண்டுபிடிப்பாக இருக்கக்கூடும். மூன்றாவது, நாளைக் காலை உங்கள் துறைக் கட்டடத்தின் படிக்கட்டில் உள்ள அவசர விளக்கின் சோதனைப் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

எரியாவிட்டால் எனக்கு எழுதுங்கள். அந்த அமர்வுத் தலைவருக்கும் ஒரு படி அனுப்பிவைப்போம்.